இரண்டாயிரம் வெள்ளிக் கணினி

அக்கா மகன் வாட்ஸ்அப்பில் அனுப்பிய பட்டியலின் கடைசி வரியில் 4,870 வெள்ளி என்று இருந்தது. கையில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டேன்.

"2,000 மாமா. தீபாவளி அங்பாவ், லீவுல காடி கழுவுன காசு, அம்மா 600 தரேன்னாங்க. எல்லாம் சேத்து."

கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு செய்தி வந்தது. "2,000க்கு கேமிங் பிசி வராதா?"

2024 பிப்ரவரி, சீனப் புத்தாண்டு விடுமுறை. நான் கோலாலம்பூரிலிருந்து சுங்கைப் பட்டாணிக்கு அம்மா வீட்டுக்கு வந்திருந்தேன். பையனுக்குப் பதினாறு வயது. மார்ச்சில் படிவம் நான்கு. மறுநாள் நேரிலேயே வந்துவிட்டான். சமையலறை மேசையில் பட்டியலை வைத்து ஒவ்வொரு வரியாக அடித்துக்கொண்டிருந்தோம். கண்ணாடிப் பெட்டி, வண்ண விளக்கு வைத்த விசிறி, தண்ணீரில் குளிரூட்டும் சாதனம் எல்லாம் முதல் ஐந்து நிமிடத்திலேயே போயின. எதிரில் உட்கார்ந்து நெத்திலி கிள்ளிக்கொண்டிருந்த அம்மா, பிராசஸர் என்ற வரியில் விரலை வைத்துக் கேட்டார்.

"இந்தச் சின்னச் சாமானா ஆயிரத்துச் சொச்சம்? எத்தன காலு அதுக்கு?"

பையனுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. பிராசஸருக்கு எத்தனை கால் என்று கேட்கிற பாட்டிகள் உலகத்தில் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள். வட மலேசியாவில் கொஞ்சம் பேர் இருக்கிறார்கள்.

"இப்பல்லாம் கால் கிடையாது பாட்டி. அடியில புள்ளி புள்ளியா இருக்கும். இதுல 1,700."

"நாங்க பாத்தது நாப்பது காலு. ஒண்ணு கோணியிருந்தாலும் ரிஜெக்ட்டு."

கெடாவைப் பற்றி எழுதுகிறவர்கள் கடாரத்திலிருந்து தொடங்குவது வழக்கம். ராஜேந்திர சோழனின் கப்பல்களை இந்த முறை விட்டுவிடுகிறேன். நான் சொல்லவேண்டிய வரலாறு ஒரு ஃபேக்டரி பஸ்ஸில் தொடங்குகிறது.

*

அதற்குமுன் ஒரு சின்ன விளக்கம். கடைக்குப் போய் பாகம் பாகமாகப் பொறுக்கி ஒரு கணினியை நாமே பூட்டிக்கொள்ளலாம் என்பது இன்று சாதாரணமாகத் தெரிகிறது. கைத்தொலைபேசியை அப்படிப் பூட்ட முடியாது. பிளேஸ்டேஷனை முடியாது. மேசைக் கணினிக்கு மட்டும் ஏன் அந்தச் சுதந்திரம் என்றால், 1981 ஆகஸ்ட்டில் ஐபிஎம் தன் முதல் பிசியை வெளியிட்டபோது இருந்த அவசரம்தான் காரணம். எல்லாவற்றையும் தானே செய்ய நேரமில்லை. பிராசஸரை இன்டெலிடமிருந்தும் இயங்குதளத்தை மைக்ரோசாஃப்ட்டிடமிருந்தும் வாங்கியது. சுற்று வரைபடங்களைக்கூடப் புத்தகமாக வெளியிட்டது. அதைப் பார்த்து காம்பேக் போன்ற நிறுவனங்கள் ஒத்த கணினிகளைச் செய்தன. தைவான் பட்டறைகள் பாகங்களை மலிவாக்கின. 1995இல் இன்டெல் கொண்டுவந்த ஏடிஎக்ஸ் என்ற அளவுமுறை, மதர்போர்டில் திருகுத் துளைகள் எங்கே இருக்கவேண்டும் என்பது வரைக்கும் முடிவு செய்தது. எங்கோ செய்த பலகையும் வேறெங்கோ அடித்த தகரப் பெட்டியும் சுங்கைப் பட்டாணியில் ஒரு கடை மேசையில் சந்தித்தால் பொருந்திப்போவது இதனால்தான்.

ஐபிஎம்மின் அந்த முதல் பிசியில் இருந்த இன்டெல் 8088 சில்லுக்குக் கால்கள் சரியாக நாற்பது.

இப்போது பினாங்குக்கு வருவோம். 1969இல் லிம் சொங் யூ முதலமைச்சரானபோது சுங்கவரியில்லாத் துறைமுகம் என்ற பழைய அந்தஸ்து தீவின் கையைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. வேலையில்லாதவர்கள் பெருகியிருந்தார்கள். 1971இல் சுதந்திர வர்த்தக வட்டாரச் சட்டம் வந்தது. 1972இல் பாயான் லெப்பாஸ் வயல்வெளியில் தொழிற்சாலைகள் எழுந்தன. இன்டெல் அமெரிக்காவுக்கு வெளியே கட்டிய முதல் தொழிற்சாலை அங்கேதான். ஏஎம்டி, ஹெவ்லெட் பேக்கார்ட், நேஷனல் செமிகண்டக்டர், ஹிட்டாச்சி, போஷ், கிளாரியன், லிட்ரோனிக்ஸ் ஆகியவற்றையும் சேர்த்து 'எட்டு சாமுராய்கள்' என்று பினாங்கில் இன்றும் சொல்வார்கள். 1975இல் இன்டெலின் கட்டடம் தீயில் எரிந்தது. எரிந்த பிறகும் நிறுவனம் அங்கேயே இருந்தது.

அங்கே நடந்த வேலை என்ன என்பதில்தான் நம் கதை இருக்கிறது. சிலிக்கான் வட்டின் மேல் சுற்றுகளை அச்சிடும் வேலை அமெரிக்காவில் நடந்தது. அச்சிட்ட வட்டு விமானத்தில் இங்கே வந்தது. அதை வெட்டி, ஒவ்வொரு துண்டையும் சட்டத்தில் ஒட்டி, தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியால் கால்களோடு இணைத்து, மூடி, சூடேற்றிச் சோதித்து, முத்திரை குத்தித் திருப்பி அனுப்புவதுதான் இங்கே நடந்தது. வரிசையின் கடைசி வேலை. அதிகக் கைகள் தேவைப்பட்ட, குறைந்த மதிப்புச் சேர்த்த வேலையும் அதுதான். கைகளில் பெரும்பாலானவை இளம்பெண்களுடையவை.

*

பாட்டி பீடோங் பக்கம் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். விடிவதற்குமுன் பெரட்டுக்கு நின்று, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குள் போய், மங்கில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றி, காண்டா போட்டு ஸ்டோருக்குத் தூக்கி வந்தவர். ஸ்டோரில் பாலை நிறுப்பார்கள். நிறுத்தால் போதாது. மெட்ரோலாக் என்ற கருவியை மிதக்கவிட்டு, அந்தப் பாலில் உலர்ந்த ரப்பர் எவ்வளவு தேறும் என்று பார்ப்பார்கள். "தண்ணி சேந்துச்சின்னா அது காட்டிக்குடுத்துரும்" என்று பாட்டி சொல்வார். மழை பெய்து தானாகத் தண்ணீர் சேர்ந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

பீடோங் வட்டாரத் தோட்டங்களுக்கு ஒரு வரலாறு உண்டு. 1947இல் ஹார்வார்ட் தோட்டத்தை ஒட்டித் தொண்டர் படை எழுந்தது. கள்ளுக்கடை மறியல், வேலைநிறுத்தம், போலீஸ் துப்பாக்கிச்சூடு எல்லாம் நடந்தன. 1954இல் தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கம் அமைந்தது. சங்கம் எவ்வளவு செய்தது, எவ்வளவு செய்யத் தவறியது என்று இன்றுவரை சண்டை நடக்கிறது. சண்டை போட ஒரு சங்கமாவது இருந்தது.

அம்மா 1986இல் வேலைக்குப் போனார். இருபது வயது. அதற்கு முந்தைய வருடம்தான் பினாங்குப் பாலம் திறந்திருந்தார்கள். பாலம் வந்ததும் ஃபேக்டரி பஸ் கெடாவுக்குள் வரத் தொடங்கியது என்று அம்மா நினைவில் வைத்திருக்கிறார். காலை ஷிஃப்ட்டுக்கு நாலரை மணிக்குத் தோட்டத்து முச்சந்தியில் பஸ். பாட்டி பெரட்டுக்குக் கிளம்பும் நேரமும் அதுதான். ஒரே விளக்கு வெளிச்சத்தில் இருவரும் தலை சீவுவார்களாம். ஒருவர் இந்தப் பக்கம் காட்டுக்கு, ஒருவர் அந்தப் பக்கம் ரோட்டுக்கு.

கெடாவிலிருந்து எழுதிய சீ. முத்துசாமி, கோ. புண்ணியவான் போன்றவர்களின் எழுத்தில் பால்மரக் காடும் லயமும் நமக்கு அழுத்தமாகக் கிடைக்கின்றன. ஆனால் அந்த நாலரை மணி பஸ்ஸை நான் வாசித்த கதைகளில் அதிகம் பார்த்ததில்லை. தோட்டம் துண்டாடப்பட்டது, மக்கள் பட்டணத்துக்குப் பிழைக்கப் போனார்கள் என்று ஒரு வரியில் முடிந்துவிடுகிறது. போன இடத்தில் என்ன செய்தார்கள்? தலையை மூடி, வாயை மூடி, குளிரூட்டிய அறையில் மைக்ராஸ்கோப்புக்குள் எட்டு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஃபேக்டரிப் பெண்களை 'மினா காரான்' என்று ஊரே கேலி செய்த காலம் அது. மலாய்ப் பெண்களுக்கு வைத்த பெயர் நம் பெண்கள்மேலும் ஒட்டிக்கொண்டது.

அங்கே சங்கம் கிடையாது. மின்னணுத் தொழிலாளர்களுக்குச் சங்கம் அனுமதிக்கப்படும் என்று 1988இல் அரசு அறிவித்தது. பிறகு, நிறுவனத்துக்குள்ளேயே முடங்கும் சங்கம் மட்டும்தான் என்று மாற்றிக்கொண்டது. வட்டார அளவிலான சங்கங்களுக்கு வழி திறக்க அதன்பின் இருபது வருடங்களுக்குமேல் ஆனது. சங்கம் இல்லாத இடத்தில் அந்தப் பெண்களிடம் இருந்தது கூட்டு. பஸ்ஸில் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து மாதம் ஆளுக்கு ஐம்பது வெள்ளி போட்டு, மாதம் ஒருவர் மொத்தமாக எடுத்துக்கொள்வது. தொழிலாகக் கூட்டு நடத்துவதைத் தடைசெய்யும் மலேசியச் சட்டத்தின் பெயரிலேயே 'கூட்டு' என்ற தமிழ்ச்சொல் இருக்கிறது. அந்தச் சட்டமும் அதே 1971இல் வந்ததுதான். வெளிநாட்டு நிறுவனங்களுக்கு வரியில்லாத வேலி ஒரு சட்டத்தில் எழும்பியது. எங்கள் பெண்களின் சுருக்குப்பைக்கு வேலி இன்னொன்றில் வந்தது.

2001இல் டாட்காம் குமிழி வெடித்து உலகமெங்கும் சில்லு வியாபாரம் சரிந்தபோது அம்மாவுக்கு வேலை போனது. பதினைந்து வருட வேலை. எந்தத் தொழிற்சாலை என்று சொல்லப்போவதில்லை, அம்மாவுக்கு அது பிடிக்காது. முப்பத்தைந்து வயதில் கண்ணாடியோடு வீட்டுக்கு வந்து தையல் மெஷின் போட்டார். தோட்டம் அதற்குமுன்பே வீடமைப்புக்குப் போயிருந்தது.

*

அவ்வளவு சில்லுகளைப் பார்த்த வீட்டில் கணினி வந்தது 2009இல்தான். 'ஒரு வீட்டுக்கு ஒரு கணினி' என்று அரசு முழங்கிய காலமும், ஊழியர் சேமநிதியிலிருந்து கணினி வாங்கப் பணம் எடுக்கலாம் என்ற திட்டமும் எங்களைத் தாண்டிப் போயிருந்தன. நானும் என் கூட்டாளிகளும் கடைவீட்டு மாடியிலிருந்த சைபர் கஃபேயில் வளர்ந்தோம். மணிக்கு இரண்டு வெள்ளி. டோட்டா, கவுண்டர்-ஸ்ட்ரைக். திரைச்சீலை போட்ட இருட்டு அறை என்பதால் அங்கே போவது தெரிந்தால் வீட்டில் அடி விழும். வீட்டிலேயே இருந்தால் பையன் கண்முன் இருப்பான் என்று அம்மா முடிவு செய்தார். தாமானில் அக்கம்பக்கத்துப் பெண்களோடு போட்ட கூட்டில் முதல் சீட்டை எடுத்து 1,400 வெள்ளியை என் கையில் கொடுத்தார்.

பென்டியம் டூயல்-கோர் இ5200. இரண்டு கிகாபைட் மெமரி. ரேடியான் எச்டி 4670 கிராஃபிக்ஸ் கார்டு. நானே பூட்டினேன். பிராசஸரைப் பொருத்தும்முன் அதன் உலோகத் தலையில் பார்த்தேன்: எண்களுக்குக் கீழே 'மலாய்' என்று பொறித்திருந்தது. மலேசியா என்ற பெயரை அவர்கள் சுருக்கிய விதம் அது. அம்மாவிடம் காட்டினேன். வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "மார்க்கிங் நல்லா விழுந்திருக்கு" என்றார். அவ்வளவுதான். எனக்கு அப்போது ஏமாற்றமாக இருந்தது. ஒரு பெருமையோ ஒரு கண்ணீரோ எதிர்பார்த்திருந்தேன் போல.

அந்தக் கணினி ஒரு வருடம் ஓடியது. பிறகு இரண்டாம்கையாக எச்டி 4850 கார்டு ஒன்றை வாங்கி மாட்டினேன். அன்று சாயங்காலமே 'டப்' என்றொரு சத்தம், கருகிய வாடை. பவர் சப்ளை போய்விட்டது. போகும்போது மதர்போர்டையும் கூட்டிக்கொண்டு போனது. பெட்டி வாங்கியபோது இலவசமாகக் கொடுத்த பவர் சப்ளை அது. 450 வாட் என்று பெரிதாக ஒட்டியிருந்தார்கள். பக்கவாட்டில் இருந்த சின்ன அட்டவணையை நான் படிக்கவில்லை. பிராசஸரும் கிராஃபிக்ஸ் கார்டும் மின்சாரம் எடுப்பது 12 வோல்ட் தடத்திலிருந்து. அதில் 14 ஆம்ப் என்று போட்டிருந்தது. 12 பெருக்கல் 14, 168 வாட். பிராசஸர் 65, புதிய கார்டு 110. கூட்டினால் 175. மூன்றாம் வகுப்புக் கணக்கு.

ஒட்டியிருக்கும் எண்ணுக்கும் உள்ளே தேறும் சரக்குக்கும் உள்ள வித்தியாசம். பாட்டிக்குத் தெரிந்திருந்தது அது. எனக்கு மெட்ரோலாக் இல்லை.

*

மலிவாகக் கணினி கட்டுவது என்பது பெரும்பாலும் தரம் பிரித்தலைப் புரிந்துகொள்வதுதான். ரப்பரிலும் அப்படியே. புகையில் காயவைத்த ஷீட்டை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, கறை, குமிழி, பூஞ்சை பார்த்து ஒன்று முதல் ஐந்து வரை எண் போடுவார்கள். கீழே ஒட்டுப்பால். வெட்டிய கோட்டில் காய்ந்து ஒட்டியதும் மங்கில் உறைந்ததும். ஒட்டுப்பாலுக்குக் கிலோவுக்குக் கிடைப்பது குறைவு. ஆனாலும் அது ரப்பர்தான், அதற்கும் வாங்குகிற ஆள் உண்டு.

ஒரே சிலிக்கான் வட்டில் அச்சிட்ட சில்லுகளும் ஒன்றுபோல இருப்பதில்லை. ஒன்று வேகமாக ஓடும், ஒன்று சூடாகும், ஒன்றில் ஒரு மூலை வேலை செய்யாது. சோதனையில் இதைப் பிரிப்பார்கள். நன்றாக வந்ததற்குப் பெரிய பெயர், பெரிய விலை. குறைவாக வந்ததில் கெட்ட பகுதியை அணைத்துவிட்டுச் சின்னப் பெயரில் விற்பார்கள். சின்னப் பெயருக்குத் தேவை அதிகமாக இருந்தால் நல்லதையும் அணைத்து விற்பதுண்டு. பேரம் பிடிக்கிறவனுக்கு வாசல் திறப்பது இங்கேதான். 1998 ஆகஸ்ட்டில் வந்த செலரான் 300ஏ சில்லை, மதர்போர்டின் வேகத்தை 66இலிருந்து 100 மெகாஹெர்ட்ஸுக்கு மாற்றி, 450 மெகாஹெர்ட்ஸில் ஓட்டினார்கள். பல மடங்கு விலையுள்ள பென்டியத்துக்கு ஈடாக ஓடியது. எந்த ஊர் முத்திரை விழுந்த சில்லு நன்றாக வேகமெடுக்கும், கோஸ்டாரிகாவா மலாயா என்று உலகமெங்கும் பையன்கள் வாதாடினார்கள். அடுத்த மாதமே இங்கே ரிங்கிட்டை ஒரு டாலருக்கு 3.80 என்று கட்டிப்போட்டார்கள். மலாய் முத்திரை விழுந்த சில்லு, மலாய் நாட்டுக்காரனுக்கு டாலர் விலையில்தான் திரும்பி வந்தது. ரப்பர் போய் டயராக வந்த கணக்கு.

அக்கா மகனுக்கு நான் தேர்ந்தெடுத்த பிராசஸர் ஐ3-12100எஃப். ஆறு கோர் உள்ள அச்சில் இரண்டை அணைத்து நான்காக விற்பது. பெயரின் கடைசியில் வரும் எஃப், உள்ளே இருக்கும் கிராஃபிக்ஸ் பகுதியும் அணைக்கப்பட்டது என்பதற்கான குறி. தனியாகக் கார்டு போடப்போகிறவனுக்கு அது நட்டமில்லை, மிச்சம்.

"அப்ப இது ரிஜெக்ட்டா மாமா?"

பதில் சொன்னது அம்மா. "ரிஜெக்ட்டுன்னா குப்பைக்குப் போவும். இது ரெண்டாம் தரம். ரெண்டாம் தரத்துலதான்டா ஊரே ஓடுது."

*

மீதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன், இதே நிலைமையில் இருக்கிற யாருக்காவது உதவலாம். முதலில் எந்தத் திரையில் எந்த விளையாட்டு என்று முடிவு செய்தோம். என் பழைய 1080பி மானிட்டர் இருந்தது. அவன் ஆடுவது வேலரன்ட், டோட்டா 2, ஆசைப்படுவது ஜிடிஏ. அதற்கு மேல் சக்தி வாங்குவது வீண். பணத்தில் பெரிய பங்கு கிராஃபிக்ஸ் கார்டுக்கு. அதற்கடுத்து பிராசஸர். எச்610 மதர்போர்டு 310 வெள்ளி, பிராசஸர் 390. டிடிஆர்4 மெமரி எட்டும் எட்டுமாக இரண்டு துண்டு 150. ஒரே துண்டாகப் பதினாறு வாங்கினால் மெமரிக்குப் போகும் இரண்டு பாதையில் ஒன்று காலியாகக் கிடக்கும். 500 கிகாபைட் எஸ்எஸ்டி 150. பெட்டி 120, முன்பக்கம் கண்ணாடி இல்லாமல் வலை வைத்தது. கெடா வெயிலில் கண்ணாடி முகப்பு என்பது பெட்டிக்குள் ஒரு சூளை. பவர் சப்ளைக்கு 210. அதில் மட்டும் பேரம் கிடையாது என்று பழைய கதையைச் சொன்னேன். பிராசஸர் உச்சத்தில் 89 வாட், கார்டு 132. 550 வாட் தாராளம். 12 வோல்ட் தடத்தின் எண்ணை அவனையே படித்துப் பெருக்கச் சொன்னேன்.

கார்டு மட்டும் இரண்டாம்கை. 2022 செப்டம்பர் 15 அன்று எத்தேரியம் தன் முறையை மாற்றியபோது, கிராஃபிக்ஸ் கார்டுகளை வரிசையாக அடுக்கி நாணயம் தோண்டியவர்களுக்கு ஒரே நாளில் வேலை போனது. தொற்றுக்காலத்தில் தங்கம் விலை விற்ற கார்டுகள் சந்தையில் வந்து கொட்டின. அப்படிக் கைமாறி வந்த ஆர்எக்ஸ் 6600 ஒன்று புக்கிட் மெர்தாஜமில் ஒருவரிடம் 560 வெள்ளிக்கு இருந்தது. அவர் வீட்டு மேசையிலேயே இருபது நிமிடம் முழுச்சுமையில் ஓடவிட்டுச் சூட்டைப் பார்த்தோம். விசிறியைக் கையால் சுற்றி ஆட்டம் பார்த்தோம். திருகுகள் கழற்றிய தடம் உண்டா என்று பார்த்தோம். விற்றவர் சிரித்தார், "நல்லா பாருங்க பிரதர்" என்றார். நல்ல மனிதர்.

விசைப்பலகை, மவுஸ் 70 சேர்த்து 1,960. மீதி நாற்பதில் பெட்ரோலும் ரொட்டிச் சானாயும்.

அக்கா முதலில் யோசித்தது வேறு. ஒரு கடையில் கேமிங் லேப்டாப், மாதம் 149 வெள்ளி, முப்பத்தாறு மாதம். கணக்குப் போட்டால் 5,364. மாதத் தொகை சின்னதாகத் தெரிகிற மாயம் எங்கள் குடும்பத்துக்குப் புதிதில்லை. பாட்டியின் மளிகைக்கடை 555 நோட்டுப் புத்தகத்தை அக்காவும் பார்த்து வளர்ந்தவள்தான். சம்பள நாளன்று பணம் கைக்கு வந்து கடைக்குப் போய்விடும், நோட்டு அப்படியே இருக்கும். நான் அவளைக் குறை சொல்லவில்லை. 2022இல் குறைந்தபட்சச் சம்பளம் 1,500 வெள்ளியானது. அதையொட்டிய வருமானத்தில் 2,000 வெள்ளியை மொத்தமாகப் புரட்டுவதே ஒரு குடும்பத்துக்குப் பெரிய காரியம். மலிவான வழி எப்போதும் கையில் முன்பணம் இருப்பவனுக்குத்தான் திறக்கிறது. பையன் கழுவிய காடிகள்தான் அந்த முன்பணம்.

*

புக்கிட் மெர்தாஜமிலிருந்து திரும்பும்போது வேண்டுமென்றே கூலிம் வழியாக வந்தேன். கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்கா 1996இல் திறந்தது, மலேசியாவில் அந்த வகையில் முதலாவது. இன்டெல் அங்கே வந்தது. இன்ஃபினியன் 2006இல் வந்தது. 2024 ஜனவரியில், அதாவது நாங்கள் போவதற்குச் சில வாரம் முன், ஏஎம்டிக்கான அடித்தட்டுகளைச் செய்யும் ஆஸ்திரிய நிறுவனம் ஏடி அண்ட் எஸ் தன் தொழிற்சாலையைத் திறந்திருந்தது. உலகச் சில்லுகளில் ஏறக்குறைய 13 சதவீதம் மலேசியாவில்தான் உறையிட்டுச் சோதிக்கப்படுகிறது என்கிறார்கள். 2021இல் நாடு முடங்கியபோது எங்கோ இருக்கிற கார் தொழிற்சாலைகள் சில்லு கிடைக்காமல் தடுமாறின. வரிசையின் கடைசி வேலை என்றாலும் அது நின்றால் மற்றதும் நிற்கும்.

"நான் இங்க வேலைக்கு வரலாமா மாமா?" என்றான்.

"வரலாம். எந்த வாசல் வழியான்னு பாத்துக்க" என்றேன். இன்று மைக்ராஸ்கோப் வேலையைப் பெரும்பாலும் இயந்திரம் பார்த்துக்கொள்கிறது. சில்லை வடிவமைக்கிற வேலையும் பினாங்கில் நடக்கிறது. அந்த வாசலுக்குக் கூடுதல் கணிதமும் இயற்பியலும் வேண்டும். படிவம் நான்கில் எந்தப் பாடம் எடுக்கப்போகிறான் என்று அப்போதுதான் கேட்டேன். கணக்கியல் என்று எழுதிக் கொடுத்திருந்தானாம், நண்பர்கள் எடுத்ததால். அதன்பிறகு வீடு வரும்வரை கணினியைப் பற்றி நாங்கள் பேசவில்லை.

அன்று இரவு ஹாலில் பாய் விரித்துப் பூட்டினோம். பிராசஸர் டப்பாவை அம்மா கையில் எடுத்துக்கொண்டார். தையலுக்கு வைத்திருக்கும் பூதக்கண்ணாடியைக் கொண்டுவந்து பொடி எழுத்தில் ஊர்ப் பெயரைத் தேடினார். எனக்கு நெஞ்சு கொஞ்சம் வேகமாக அடித்தது. இந்த முறை எதையோ சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

வியட்நாம் என்று போட்டிருந்தது. ஹோ சி மின் நகரத்தில் இன்டெல் 2010இல் திறந்த தொழிற்சாலை, அவர்களுடைய உறையிடும் ஆலைகளில் பெரியது. நான் அதைச் சொன்னேன். அம்மா டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பையன் சில்லை ஏந்திப் பிடித்து மெதுவாக இறக்கிப் பூட்டினான். கை நடுங்கவில்லை.

"அங்கயும் பொம்பளப் புள்ளைங்கதான் பாப்பாங்களா?" என்று கேட்டார்.

"மெஷின் பாக்கும் பாட்டி. ஆளுங்களும் இருப்பாங்க."

"பஸ்ஸு எத்தன மணிக்காம்?"

எங்கள் இருவருக்கும் தெரியவில்லை.